குரூப் டான்ஸ் ஆடும் ராக்கெட் கணக்கு!

கேம் ஆடுறதுக்காகப் பிறந்த கிராபிக்ஸ் சிப், இஸ்ரோவோட சூப்பர் கம்ப்யூட்டருக்குள்ளே போய் உட்கார்ந்த கதை. அப்படியே நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குள்ளேயும்!

பாட்டு ஷூட்டிங்கைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கீங்களா? கோடம்பாக்கம் என்பது இப்போ பேருக்குத்தான். வாகினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் மால் நிற்கிறது. ஃப்ளோர்கள் பாதி பூந்தமல்லி பக்கமும் ஈ.சி.ஆர். பக்கமும் போய்விட்டன. ஆனால், ஷூட்டிங் எங்கே நடந்தாலும் சீன் ஒன்றுதான். முன்னால் ஹீரோ. பின்னால் வரிசை வரிசையாக குரூப் டான்ஸர்ஸ். மாஸ்டர் மைக்கில் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' சொன்னதும் அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் மேலே போகும்.

ஹீரோவால் எல்லாம் முடியும். அழுவார், சண்டை போடுவார், பக்கம் பக்கமா வசனம் பேசுவார், கதையில் ட்விஸ்ட் வந்தா சட்டுனு முகத்தை மாத்துவார். ஆனா, ஒருத்தர்தான். குரூப் டான்ஸருக்கு ஒரே வேலை... மாஸ்டர் சொல்ற ஸ்டெப்பைப் போடணும். ஆனா, நூறு பேர்! ஒரு மைதானம் முழுக்கப் பூ தூவணும்னா ஹீரோ தனியா தூவி முடிக்கிறதுக்குள்ளே பொழுது சாஞ்சிடும். குரூப் இறங்கினா அஞ்சு நிமிஷம்.

உங்க கம்ப்யூட்டருக்குள்ளேயும் இதே செட்டப்தான் பாஸ். சி.பி.யூ.தான் ஹீரோ. நாலு கோர், எட்டு கோர் இருக்கும். ஒவ்வொன்றும் எந்த வேலையையும் செய்யும். கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் ஜி.பி.யூ.தான் குரூப். கேம் பசங்க வாங்குகிற ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் மட்டும் 3,584 குட்டி கோர்கள். தனித்தனியாகப் பார்த்தால் சாது. சேர்ந்தால் சுனாமி.

இவ்வளவு பேர் எதற்கு? படம் வரைய! ஃபுல் ஹெச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள். கேமில் ஒரு வினாடிக்கு 60 முறை படம் மாறினால், வினாடிக்கு 12 கோடிக்கும் மேல் புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். வெளிச்சம் எங்கிருந்து வருது, நிழல் எங்கே விழுதுன்னு ஒவ்வொரு புள்ளிக்கும் கிட்டத்தட்ட ஒரே ஃபார்முலா. புள்ளிதான் வேறு. அக்மார்க் குரூப் டான்ஸ் வேலை. 1999-ல் என்விடியா கம்பெனி 'ஜீஃபோர்ஸ் 256' கார்டைக் கொண்டுவந்து, 'இதுதான் உலகத்தின் முதல் ஜி.பி.யூ.' என்று விளம்பரம் செய்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் கேம் பைத்தியங்கள். அவங்க பாக்கெட் மணியில்தான் இந்த சிப் வருஷா வருஷம் வளர்ந்தது.

சரி... இதில் ராக்கெட் எங்கே வந்தது?

சாகா... பேரே சூப்பர்!

திருவனந்தபுரத்தில் இருக்கிறது விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். நம்ம ராக்கெட்டுகளை டிசைன் செய்கிற இடம். ராக்கெட் காற்றைக் கிழித்துக்கொண்டு மேலே போகும்போது அதன் மூக்கில் எவ்வளவு அழுத்தம், உடம்பில் எவ்வளவு சூடு, எந்த வேகத்தில் அதிர ஆரம்பிக்கும் என்பதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும். மாடல் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால், டிசைனில் ஒவ்வொரு தடவை கை வைக்கும்போதும் புது மாடல் செய்து கொண்டிருக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டரிலேயே காற்றை ஓடவிட்டுப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல், ஏரோ பசங்களுக்கு இது தெரிந்த சங்கதி. சி.எஃப்.டி.!

செய்முறை என்னன்னா, ராக்கெட்டைச் சுற்றி இருக்கும் இடத்தை லட்சக்கணக்கான குட்டிப் பெட்டிகளாக வெட்டுவது. ஒவ்வொரு பெட்டிக்கும் அழுத்தம், வேகம், வெப்பநிலை. அடுத்த நொடித்துளியில் இந்தப் பெட்டியில் என்ன ஆகும் என்பது அக்கம்பக்கத்துப் பெட்டிகளைப் பொறுத்தது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே ஃபார்முலா. இதை ஆயிரக்கணக்கான சுற்று திரும்பத் திரும்பப் போடணும். புள்ளிக்கு பதில் பெட்டி, நிறத்துக்கு பதில் அழுத்தம். மத்தபடி மேலே பார்த்த கேம் கணக்கும் இதுவும் அண்ணன் தம்பி!

2011 மே 2-ம் தேதி, அப்போதைய இஸ்ரோ தலைவர் கே.ராதாகிருஷ்ணன் அங்கே ஒரு சூப்பர் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்தார். பெயர், 'சாகா-220'. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து வந்த சுருக்கம்தான். ஆனால், தமிழில் படித்தால் சாகாவரம் வாங்கின மாதிரி கெத்தா இருக்கு இல்லே? உள்ளே 400 இன்டெல் ஜியான் சி.பி.யூ.க்கள், 400 என்விடியா டெஸ்லா ஜி.பி.யூ.க்கள். (கார் கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க!)

இங்கேதான் ஒரு சூப்பர் கணக்கு இருக்கு. இஸ்ரோ சொன்ன விவரப்படி, ஒரு ஜி.பி.யூ. வினாடிக்கு 50 ஆயிரம் கோடி கணக்குகள் போடும். ஒரு சி.பி.யூ. 5 ஆயிரம் கோடி. இரண்டையும் 400-ஆல் பெருக்குங்க. ஜி.பி.யூ. பக்கம் 200 லட்சம் கோடி, சி.பி.யூ. பக்கம் 20 லட்சம் கோடி. மொத்தம் 220. பெயரில் இருக்கும் நம்பர் அதுதான். இதைத்தான் 220 டெராஃப்ளாப்ஸ் என்கிறார்கள். அதாவது, பதினொரு பங்கு வேகத்தில் பத்து பங்கு குரூப் டான்ஸர் உபயம். ஹீரோவுக்கு ஒரு பங்குதான்!

செலவு சுமார் 14 கோடி ரூபாய். மின்சாரம் 150 கிலோவாட். ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரையும் கடையில் கிடைக்கும் ஹார்டுவேரையும் சொந்தமாக எழுதிய புரோகிராம்களையும் வைத்து விஞ்ஞானிகளே கட்டியது. அன்றைக்கு இந்தியாவின் அதிவேக சூப்பர் கம்ப்யூட்டர் இதுதான். அதுவரை அந்தப் பட்டத்தை வைத்திருந்தது புனேயில் டாடா குழுமம் கட்டிய 'ஏகா'. 2007 நவம்பரில் உலகத்திலேயே நாலாவது இடம் பிடித்த மெஷின் அது. அதை, ராக்கெட் ஆட்கள் கிராபிக்ஸ் சிப்பை வைத்தே தாண்டிவிட்டார்கள்.

'கடையில் கிடைக்கும் ஹார்டுவேர்' என்பதை சாதாரணமாக நினைக்காதீங்க. 1980-களில் இந்தியா சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டபோது அமெரிக்கா இழுத்தடித்தது. கடைசியில் க்ரே கம்பெனி மெஷினை, வானிலை ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்று ஏகப்பட்ட நிபந்தனைகளோடு கொடுத்தது. அந்தக் கடுப்பில்தான் 1988-ல் சி-டாக் நிறுவனம் பிறந்து, 1991-ல் 'பரம் 8000' வந்தது. கேம் மார்க்கெட்டுக்காக வளர்ந்த டெக்னாலஜி 2011-ல் இப்படிக் கைக்கு வந்தது பெரிய விஷயம். இன்னிக்கு நிலைமை மறுபடி டைட். ஏ.ஐ. வந்த பிறகு டாப் ரக ஜி.பி.யூ.க்களை யாருக்கு விற்கலாம், எத்தனை விற்கலாம் என்று அமெரிக்கா கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. 2025 ஜனவரியில் போட்ட ஒரு விதி, இந்தியாவுக்கும் கோட்டா வைத்தது. நல்லவேளை, அதே வருஷம் மே மாதம் அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

மாறுவேஷக் காலம்

ஆரம்பத்தில் இந்த சிப்பிடம் கணக்குப் போடச் சொல்வதே பெரும்பாடு. அதற்கு தெரிந்த ஒரே பாஷை படம்தான். 2000-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் மேட்ரிக்ஸை ஒரு படம் மாதிரி வேஷம் போட்டு உள்ளே அனுப்பி, 'இதுக்குக் கலர் அடி' என்று ஏமாற்றி, வெளியே வரும் 'படத்தை' மறுபடி நம்பராகப் படித்தார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் மரு ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரிதான்!

இந்தக் கூத்து எல்லாம் வேண்டாம் என்று, ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த இயான் பக் என்ற மாணவரும் அவர் குழுவும் 2004-ல் 'ப்ரூக்' என்ற புரோகிராமிங் மொழியை வெளியிட்டார்கள். என்விடியா அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டது. 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்டதுதான் 'கூடா'. (பேர்தான் கூடா... யார் வேணும்னாலும் கூடலாம்!) சி தெரிந்த எவரும் கிராபிக்ஸ் பற்றி ஒரு வரி படிக்காமலே கார்டுக்கு நேரடியாக புரோகிராம் எழுதலாம் என்று ஆனது. என்விடியா தவிர மற்ற கம்பெனி கார்டிலும் ஓடுகிற 'ஓப்பன்-சி.எல்.' அடுத்து வந்தது. 2010 நவம்பரில் உலகத்தின் நம்பர் ஒன் சூப்பர் கம்ப்யூட்டர் சீனாவின் 'தியான்ஹே-1ஏ'. உள்ளே 7,168 ஜி.பி.யூ.க்கள்! அடுத்த ஆறாவது மாதம்தான் நம்ம சாகா.

சி.பி.யூ. மட்டும் ஏன் இப்படி ஓடவில்லை? சூடு. 2004-ல் இன்டெல் கம்பெனி 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம்-4 திட்டத்தையே கைவிட்டது. ஹீரோவை இதுக்கு மேல வேகமா ஆடச் சொன்னா மயக்கம் போட்டுடுவார். ஆளைக் கூட்டுவதுதான் ஒரே வழி.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று. தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-ல் 'கப்ரு' என்று ஒரு கம்ப்யூட்டர் படையைக் கட்டினார்கள். 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் சிப். அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க் சமாசாரங்களுக்கான கணக்குகளைப் போட. உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலிலேயே அப்போ இடம் பிடித்தது. உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 1.4 லட்சம் கோடி கணக்குகள். எட்டே வருஷம் கழித்து, 2012 நவம்பரில் வந்த 'டெஸ்லா கே20' கார்டு ஒன்றின் உச்ச வேகம் 1.17 லட்சம் கோடி. ஒரு ஹால் நிறைய நின்ற 288 சிப், கையில் தூக்கிக்கொண்டு போகிற ஒரு அட்டைக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது.

கல்யாண வீடியோவும் வெப்பச் சமன்பாடும்

ராக்கெட் இருக்கட்டும்... நமக்கு? எனக்குத் தெரிந்த மெக்கானிக்கல் சீனியர் அண்ணா ஒருத்தர். கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ரூம். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு, உலோகத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று எடுத்திருந்தார். 4,096-க்கு 4,096 கட்டம். அதாவது 1 கோடியே 67 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பக்கத்து வீட்டு வெப்பநிலையின் சராசரி. இதை 10,000 சுற்று. சி-யில் எழுதி ஓடவிட்டால் ஒரு தடவைக்கு மூன்றரை நிமிஷம். அவருக்கு விதவிதமாக நூறு தடவை ஓட்டணும். காலேஜ் லேப் மெஷின் இதைவிட மெதுவு. அதையும் அஞ்சு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

"ரெண்டாவது ரிவ்யூவில் ரிசல்ட் காட்டு. இல்லைன்னா டாபிக்கை மாத்திக்கோ" என்று கைடு சொல்லிவிட்டார். ஃப்ரெண்ட்ஸ் சொன்ன ஐடியா உங்களுக்கே தெரியும். 'புராஜெக்ட் சென்டர்ல காசைக் கொடுத்தா ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ரெடிமேடா தருவாங்கடா. எதுக்கு உயிரை விடுறே?' அண்ணனுக்கு அது பிடிக்கலை.

அவர் ரூம்மேட் ஒரு வீடியோ எடிட்டர். குறும்படம், கல்யாண வீடியோ எல்லாம் பண்ணுவார். ரெண்டரிங்குக்காக ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு வைத்திருக்கிறார். ஒரே ஒரு கார்டு. இந்தப் பக்கம் வெப்பச் சமன்பாடு, அந்தப் பக்கம் கல்யாண வீடியோ. இரண்டுக்கும் டெட்லைன்! பஞ்சாயத்து பேசி, ராத்திரி மூணு மணி வரைக்கும் மாப்பிள்ளை - பொண்ணு, மூணிலிருந்து ஆறு வரைக்கும் வெப்பச் சமன்பாடு என்று முடிவாச்சு.

அண்ணா கூடா கற்றுக்கொண்டு எழுதிய முதல் வெர்ஷனின் வேகம்... கிட்டத்தட்ட அதே மூன்றரை நிமிஷம்! எடிட்டர் அண்ணா தூக்கக் கலக்கத்தில், "இதுக்காடா என் கார்டை வாங்கினே?" என்று கேட்டதாகத் தகவல்.

காரணத்துக்கு மறுபடி ஷூட்டிங் ஸ்பாட்டுக்குத்தான் போகணும். குரூப் டான்ஸர்ஸ் ஆயிரம் பேர் ரெடி. ஆனா, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் நடுவில் புரொடக்‌ஷன் வேன் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கோடம்பாக்கம் போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டால் எப்போ ஆடுவாங்க? அண்ணாவின் புரோகிராம் ஒவ்வொரு சுற்றுக்கும் மொத்த டேட்டாவையும் கம்ப்யூட்டர் மெமரியிலிருந்து கார்டுக்கு அனுப்பி, கணக்கு முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. கணக்குக்கு ஆன நேரம் கொஞ்சம். டிராஃபிக்கில் நின்ற நேரம்தான் மிச்சம் எல்லாம். டேட்டாவை ஒரே தடவை அனுப்பி, 10,000 சுற்றையும் கார்டுக்குள்ளேயே முடித்து, கடைசி விடையை மட்டும் வாங்குகிற மாதிரி மாற்றினார்.

ஆறு வினாடி!

நூறு தடவைக்குப் பத்து நிமிஷம். கார்டு அதே கார்டுதான். சிப் வாங்கினால் மட்டும் வேகம் வராது, கணக்கை அதற்கேற்ற மாதிரி மறுபடி எழுதணும் என்பதை இதைவிட எந்த டெக்ஸ்ட் புக்கும் எனக்குப் புரியவைக்கவில்லை. ரிவ்யூவில் கைடு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். அந்தக் கேள்வி முக்கியமானது. கீழே வருகிறது.

எங்கெல்லாம் சொதப்பும்?

முதல் வில்லன், 'இஃப் - எல்ஸ்'. என்விடியா சிப்பில் கோர்கள் 32 பேர் கொண்ட வரிசையாக நிற்கும். வரிசை முழுக்க ஒரே நேரத்தில் ஒரே ஸ்டெப். 16 பேர் இந்த ஸ்டெப், மிச்சம் 16 பேர் வேற ஸ்டெப் என்று புரோகிராம் பிரிந்தால் முதல் பாதி ஆடும்வரை மறுபாதி சும்மா நிற்கும். அப்புறம் உல்டா. ட்விஸ்ட் அதிகம் இருக்கிற கதைக்கு ஹீரோதான் லாயக்கு.

இரண்டாவது வில்லன் 1967-லேயே வந்துவிட்டார். ஜீன் அம்தால் என்ற கம்ப்யூட்டர் இன்ஜினீயர் சொன்ன விதி. உங்க புரோகிராம் நூறு நிமிஷம் ஓடுது. அதில் அஞ்சு நிமிஷ வேலையைப் பிரிக்கவே முடியாது, ஒருத்தர்தான் செய்யணும்னு வெச்சுக்குங்க. மிச்ச 95 நிமிஷத்துக்கு கோடி கோர் போட்டாலும் அந்த அஞ்சு நிமிஷம் குறையாது. ஆக, அதிகபட்சம் 20 மடங்கு வேகம்தான். 'ஆயிரம் மடங்கு' என்று யாராவது பில்டப் கொடுத்தால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்க.

மூன்றாவதுதான் கைடு கேட்ட கேள்வி. "இது சிங்கிள் பிரிசிஷனா, டபுள் பிரிசிஷனா?" கேமில் ஒரு புள்ளியின் நிறம் ஏழாவது தசமத்தில் மாறினால் யாருக்கும் தெரியாது. அதனால், ஆரம்ப கால கூடா கார்டுகளில் சிங்கிள் பிரிசிஷன் மட்டும்தான். 2008-ல்தான் டபுள் வந்தது. ராக்கெட் கணக்கில் பத்தாயிரம் சுற்றில் குட்டிக் குட்டிப் பிழைகள் சேர்ந்தால் வம்பு. விஷயம் என்னன்னா, இப்போதைய கேம் கார்டுகளில் டபுள் வேகத்தைக் கம்பெனியே கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. ஆர்.டி.எக்ஸ். 3060-ல் சிங்கிளில் 12.7 டெராஃப்ளாப்ஸ். டபுளில் அதில் 64-ல் ஒரு பங்கு. சுமார் 0.2! 2011-ல் சாகாவில் இருந்த ஒரு ஜி.பி.யூ.வே டபுளில் 0.5 டெராஃப்ளாப்ஸ் கொடுத்தது. டபுள் முழு வேகத்தில் வேணும்னா டேட்டா சென்டர் கார்டு. விலையைக் கேட்டா நமக்குத் தலை சுத்தும்.

அண்ணா டபுளில் ஓட்டிப் பார்த்தார். 64 மடங்கு இழுக்கவில்லை. இரண்டு மடங்குதான்... பன்னிரண்டு வினாடி. ஏன்னா, அவர் கணக்கில் கூட்டல், வகுத்தல் கொஞ்சம். மெமரியிலிருந்து நம்பரை எடுத்து வருவதுதான் பெரிய வேலை. டபுள் என்றால் ஒரு நம்பருக்கு 4 பைட்டுக்கு பதில் 8 பைட். அவ்வளவுதான் வித்தியாசம். மேட்ரிக்ஸ் பெருக்கல் மாதிரி கணக்கே பிரதானமான வேலையாக இருந்தால் கதை கந்தல். உங்க புராஜெக்ட் எந்த ஜாதகம் என்று முதலில் பாருங்க.

நம்ம பக்கத்திலேயே...

இப்போ ராக்கெட் தாண்டி எங்கேயோ போயாச்சு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை வெளியிட்டது. கருவில் இருக்கும் சிசுவின் மூளையை செல் அளவுக்குத் துல்லியமாகக் காட்டும் 5,132 மூளைச் சீவல்களின் படங்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பெட்டாபைட் கணக்கில் குவியும் மூளைப் படங்களை அலச என்விடியாவோடு சேர்ந்து வேலை செய்கிறது அந்த மையம். அதே ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ரூபேஷ் நஸ்ரே, ஜி.பி.யூ. புரோகிராமிங்கைத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்.

ஐ.ஐ.டி. சீட் இல்லையா? நோ ஃபீலிங்ஸ். என்.பி.டி.இ.எல்.லில் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் சௌம்யஜித் டே நடத்திய ஜி.பி.யூ. கோர்ஸ் வீடியோக்கள் ஓசியில் இருக்கின்றன. கார்டு இல்லையா? கூகுள் கொலாபில் பிரவுசர் வழியாகவே இலவசமாக ஜி.பி.யூ. தருகிறார்கள். பெரும்பாலும் 'டி4' கிடைக்கும். 2,560 கோர், 16 ஜி.பி. மெமரி. நேரக் கட்டுப்பாடு உண்டு, கூட்டம் இருந்தால் கிடைக்காது. பைதான் தெரிந்தவர்கள் 'நம்பை'க்கு பதில் 'கூபை' போட்டு சில வரிகளை மாற்றினாலே கணக்கு கார்டுக்குப் போய்விடும். மேட்லாப் பார்ட்டிகளுக்கு 'ஜி.பி.யூ. அர்ரே' இருக்கு. கொஞ்சம் பெரிய ஆராய்ச்சி என்றால், மத்திய அரசின் 'இந்தியா ஏ.ஐ. மிஷன்' மானிய விலையில் ஜி.பி.யூ.க்களை வாடகைக்குத் தருகிறது. 2025-ல் அவர்கள் சொன்ன ரேட், மணிக்கு சுமார் 65 ரூபாய். ஆனால், அது ஏ.ஐ. வேலைக்கு. உங்க தகடு சூடாகிற கணக்குக்கு அப்ளை பண்ணினா என்ன சொல்வாங்களோ!

சொந்தமாகவே வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா? ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துக்குங்க. கார்டில் எத்தனை ஜி.பி. மெமரி (உங்க கட்டம் முழுசும் அதுக்குள்ளே அடங்கணும்), மெமரி வேகம் வினாடிக்கு எத்தனை ஜி.பி., அப்புறம் உங்க பழைய கேபினெட்டில் இருக்கும் பவர் சப்ளை அதைத் தாங்குமா. கடைக்காரர் "எந்த கேம் தம்பி ஆடப் போறே?" என்றுதான் கேட்பார். வெப்பச் சமன்பாடுன்னு சொல்லிப் பாருங்க... அவர் மூஞ்சியை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க!